ஸ்கேன் மருந்தும் இல்லறத்தார் அறமும்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதம், மழை விடாது பெய்த ஒரு மாலைப் பொழுதில் நாம் ஒரு பொய் சொன்னோம். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாய்மையைப் போதித்துவிட்டு, எழுபது வயதைக் கடந்த பின் சொன்ன பொய் அது. யாருக்குச் சொன்னோமோ அவர் நம்மை அன்னையினும் மேலாகப் பேணியவர். அப்பொய்யைப் பற்றி எண்ணத் தொடங்கி, அதற்குக் காரணமாயிருந்த மருந்தைப் பற்றியும் எண்ண நேர்ந்தது. இரண்டையும் வாசகப் பெருமக்கள் முன் வைக்கிறோம்.

நமது அண்ணியார் எழுபத்தெட்டு வயதினர். கைம்மை எய்திய நாள் முதலாக இராவுணவு துறந்தவர். பொழுது சாய்ந்தபின் நீரும் அருந்தார். நாம் பணியின் பொருட்டு அணைக்கட்டில் குடியேறியவர்கள். அண்ணியார் வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து அண்மையில்தான் நம்மோடு வந்து தங்கினார். வயிற்று நோவென்று எடுத்த சாதாரண ஸ்கேனில் கல்லீரலில் ஒரு கட்டி தெரிந்தது. அது எத்தகைய கட்டி என்றறிய மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார் மருத்துவர். வேலூரில் ஒரு மருத்துவமனையில் பகல் மூன்று மணிக்கு நேரம் குறித்துக் கொடுத்தார்கள். வெறும் வயிற்றோடு வரச் சொன்னதால் காலை ஒன்பது மணிக்குப் பின் அண்ணியார் எதுவும் கொள்ளவில்லை. விபத்தில் அடிபட்டோர் இருவர் அடுத்தடுத்து வந்தமையால் நமது முறை தள்ளிப்போயிற்று. அதில் யாரையும் குறை கூறுவதற்கில்லை. ஸ்கேன் முடிந்து அவர் வெளியே வந்தபோது மணி ஆறேகால்.

“பாட்டி, இப்ப ஏத்தின மருந்து சிறுநீர்ல வெளியேறணும். கிட்னி அளவு கொஞ்சம் கூடுதலா இருக்கு. ராத்திரிக்குள்ள நல்லா தண்ணி குடிச்சிடுங்க” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அடுத்தவரை அழைக்கச் சென்றாள்.

அண்ணியார் நம்மைத்தான் பார்த்தார். குளிரூட்டிய அக்கூடத்திற்குச் சாளரமே இல்லை. “பொழுது போயிடுச்சா?” என்று கேட்டார்.

அவர் மகன் நமது தோளைத் தொட்டு, காதோடு காதாக, “அத்தை, நீங்க சொன்னா அம்மா நம்புவாங்க. இன்னும் இருக்குன்னு சொல்லிடுங்க” என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. நாம் சொன்னோம். “மழை மூட்டம்தான் அண்ணி, வெளிச்சம் இருக்கிறது.” அவர் வீட்டிலிருந்து வடிகட்டிக் கொண்டுவந்த செம்பு நீரை முழுவதும் பருகினார்.

உயிரைக் காக்கச் சொன்ன பொய் பொய்யாகாது என்று நம்மை நாமே தேற்றிக்கொள்ளலாம். ஜினதர்மத்திலும் அதற்கு இடமுண்டு. சத்திய அணுவிரதம் பூண்ட சிராவகர், பிற உயிர்க்குக் கேடு விளைக்குமாயின் மெய்யையும் கூறாது விடவேண்டும் என்பது இல்லறத்தார் ஒழுக்கம் கூறும் நூல்களின் கருத்து. ஆயினும் மெய்யைக் கூறாதிருப்பது வேறு. ஒருவரது விரதத்தை அவரறியாமலே அவர் கையாலேயே முறிக்கச் செய்வது வேறு. அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

இனி, அந்த மருந்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். ஆசிரியப் பயிற்சியில் நமக்கு முதலில் கற்பித்த பாடம், தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல் என்பது. ஸ்கேனுக்கு முதல்நாள் அண்ணியார், “டை ஏத்துவாங்கன்னு பையன் சொல்றானே, தோலுக்குப் போடற சாயமா அது?” என்று கேட்டார். தோல் பதனிடும் ஊர்கள் சூழ்ந்த இப்பகுதியில் சாயம் என்றாலே அந்த நினைவுதான் எவருக்கும் வரும். நாம் காசித்தும்பைச் செடியை எடுத்துக்காட்டினோம். வேரோடு பிடுங்கிய செடியைச் சிவப்பு மை கலந்த நீரில் நிறுத்தினால், சற்று நேரத்தில் தண்டினுள் நீர் ஏறும் குழாய்கள் செங்கோடுகளாகத் தெரியும். அவ்வாறே இம்மருந்தும் இரத்தத்தோடு கலந்து ஓடி, எக்ஸ்ரே கதிரைத் தடுத்து, குழாய்களையும் கட்டியையும் படத்தில் வெண்மையாகக் காட்டுகிறது. அண்ணியாருக்கு விளங்கிற்று. ஆனால், “பாவம், எத்தனைச் செடி பிடுங்கினியோ” என்றார். ஓரறிவுயிர்தான் என்றாலும் உயிர்தானே? ஆண்டுதோறும் ஒரு செடி, சில ஆண்டுகளில் நான்கைந்து. அதை நாம் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

சி.டி. ஸ்கேனுக்கு ஏற்றும் மருந்தில் அயோடின் உண்டு. எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்து கதிரைத் தடுப்பதால் எலும்பு தெரிகிறது. குருதியும் ஈரலும் குடலும் ஏறத்தாழ ஒரே சாயலில் இருப்பதால் பிரித்தறிய முடிவதில்லை. அயோடின் கனமான அணு. கதிரை நன்கு தடுக்கும். இவ்வுலகிற்கு வேண்டிய அயோடினில் பெரும்பகுதி சிலி நாட்டுப் பாலைநிலத்து உப்புப் படிவிலிருந்தும், ஜப்பானில் நிலத்தடி உப்புநீரிலிருந்தும் கிடைக்கிறது. வயிற்றுப் படத்திற்குக் குடிக்கக் கொடுக்கும் வெண்ணிறப் பேரியமும் கல்லிலிருந்து வருவதே. அக்கனிமம் பெருமளவில் கிடைக்கும் உலகச் சுரங்கங்களுள் ஒன்று, நமக்கு வடக்கே கடப்பைச் சீமையின் மங்கம்பேட்டையில் உள்ளது. பேரியத்தின் கரையும் உப்புகள் நஞ்சு. சல்பேட் உப்பு கரையாதாதலால் குடல்வழியே வந்தபடியே சென்றுவிடும். இவற்றில் பிராணிப் பொருள் இல்லை. விரதியர் இவ்வளவில் அமைதி கொள்ளலாம். எல்லா மருந்தும் அப்படி என்று சொல்வதற்கில்லை. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கென்று ஏற்றும் நுண்குமிழி மருந்துகளில் ஒரு வகைக்கு மனிதக் குருதிப் புரதம் உறையாக அமைகிறது. முதலில் ஜப்பானில் வழக்கத்திற்கு வந்த இன்னொரு வகையின் உறையில் முட்டையிலிருந்து பெறும் கொழுப்புப் பொருள் சேர்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

பொருள் கல்லிலிருந்து வந்தாலும், அறிவு எங்கிருந்து வந்தது? ராண்ட்ஜன் 1895 நவம்பரில் எக்ஸ்ரேயைக் கண்டார். இரண்டே மாதங்களில் வியன்னா நகரில் இருவர் உயிரற்ற கையொன்றின் குருதிக் குழாய்களில் கதிரைத் தடுக்கும் கலவையைச் செலுத்திப் படமெடுத்தனர். அது பிணத்தின் கை, அதற்கு நோவில்லை. 1896 இறுதியில் அமெரிக்காவின் ஹார்வர்டு கல்லூரியில் வால்டர் கேனன் என்ற மருத்துவ மாணவர், பிஸ்மத் என்னும் பொருளை விழுங்கச் செய்து வாத்தின் நீண்ட கழுத்தில் அது இறங்குவதைக் கண்டார். பிறகு பூனைகளில் கண்டார். இன்றுள்ள ஒவ்வொரு மருந்தும் எலி, முயல், நாய் இவற்றின் உடல்களைக் கடந்தே நமது நரம்பை அடைந்திருக்கிறது. அண்மையில் சட்டங்கள் சற்று இளகியுள்ளன. அமெரிக்காவில் 2022-லும் நமது நாட்டில் 2023-லும், பிராணிகளுக்குப் பதிலாக வேறு சோதனை முறைகளை ஏற்கும் வகையில் விதிகள் திருத்தப்பட்டன. எனினும் இதுவரை மாண்டவை மாண்டவையே.

ஹிம்சையைச் சங்கல்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நான்காகப் பகுத்த நமது முன்னோர், இல்லறத்தார்க்கு முதலாவதை மட்டும் அறவே விலக்கினர். நாம் அம்முயலைக் கொல்லக் கருதவில்லை. ஆதலின் சங்கல்ப ஹிம்சை நம்மைச் சாராது என்று வாதிக்கலாம். நமக்கு அவ்வாதம் முழுமையாக நிறைவளிக்கவில்லை. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் ஷூ வாங்குவோரும் அதையே சொல்லலாம். நாம் தோற்செருப்பு அணிந்ததில்லை. ஆனால் நாம் கற்பித்த வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் புத்தகப்பை ஷூ கம்பெனிக் கூலியில் வாங்கியது. விடியற்காலையில் கம்பெனி வேனுக்கு ஓடும் அத்தாய்மார் இல்லையேல் நமது பள்ளி பாதி வெறிச்சோடியிருக்கும். கறையற்ற இடத்தில் நின்றுகொண்டு பேசுவதாக நாம் நினைத்தால் அது அறியாமை. கறை உண்டு என்று ஒப்புக்கொண்டு, தேவைக்கு மிஞ்சி எதையும் கொள்ளாதிருப்பதே நம்மால் ஆவது. ஆதலால் மருந்து ஏற்றும் ஸ்கேன் தேவைதானா, வேறு வழியுண்டா என்று ஒருமுறை மருத்துவரைப் பணிவோடு கேட்பது அஹிம்சையின் பாற்பட்டதே என்பது நமது கருத்து. அண்ணியார் விஷயத்தில் அது தேவையாகவே இருந்தது. மருந்து கட்டியின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மெல்ல மெல்ல நிரம்பிற்று. குருதிக் குழாய்கள் திரண்ட தீங்கற்ற கட்டி இவ்வாறு நிரம்பும். கத்தியின்றி அதை அறிய முடிந்தது.

தத்வார்த்த சூத்திரம் ஹிம்சையை உயிரிழப்பால் மட்டும் அளவிடவில்லை. பிரமாதம், அதாவது கவனமின்மை, அதனோடு சேர்ந்தால்தான் ஹிம்சை என்பது அதன் கருத்து. ஸ்கேன் மருந்தின் வரலாற்றில் இதற்கோர் உரைகல் உண்டு. 1930-களில் தோரோட்ராஸ்ட் என்றொரு மருந்து பரவலாயிற்று. தோரியம் ஆக்சைடு கலந்தது. ஏற்றும்போது எரிச்சலில்லை, வாந்தியில்லை. படமோ மிகத் தெளிவு. மூளைக் குழாய்களை முதன்முதலில் 1927-ல் படமெடுத்த போர்ச்சுகல் நாட்டு எகாஸ் மோனிஸும் பின்னர் அதைக் கையாண்டார். ஆனால் தோரியம் கதிர்வீச்சு உடையது. அது உடலைவிட்டு வெளியேறுவதில்லை. கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கி, ஆயுள் முழுவதும் கதிரை உமிழ்ந்துகொண்டிருந்தது. இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துப் பலருக்கு ஈரல் புற்றுநோய் கண்டது. எச்சரித்தோர் அன்றே இருந்தனர். ஆனால் நோயாளி முகம் சுளிக்கவில்லை, படம் அழகாக இருந்தது, உடனே எவரும் சாகவில்லை. ஆகவே 1950-கள் வரை அது வழக்கில் இருந்தது. அம்மருத்துவர்கள் கொடியவர்கள் அல்லர். நன்மை செய்கிறோம் என்றே நம்பினார்கள். உடலுக்குள் என்ன தங்கப்போகிறது என்பது அதைத் தாங்குபவர்க்கு மட்டும் சொல்லப்படவில்லை.

இதற்கு மறுதலையாக ஒருவரையும் கூறவேண்டும். ஸ்வீடன் நாட்டு டார்ஸ்டன் ஆல்மேன் என்ற மருத்துவர், பழைய அயோடின் மருந்தைக் குருதிக் குழாயில் செலுத்தும்போது நோயாளிகள் வலியால் துடிப்பதைக் கண்டு கலங்கினார். உப்பு மிகுந்த கடலில் நீந்தினால் கண் எரிகிறது, உப்புக் குறைந்த கடற்பகுதியில் எரிவதில்லை என்ற அனுபவம் அவருக்கு வழிகாட்டியது என்பர். மருந்தில் கரைந்துள்ள துகள்களின் எண்ணிக்கைதான் வலிக்குக் காரணம். அயோடினைக் குறைக்காமல் துகள்களைக் குறைத்தால் வலி குறையும் என்று 1960-களின் இறுதியில் எழுதினார். இன்று நாம் பெறும் மென்மையான மருந்துகள் அவ்வெண்ணத்தின் வழிவந்தவை. ஏற்றும்போது உடலெங்கும் ஒரு வெதுவெதுப்பு, வாயில் உலோகச் சுவை, பெரும்பாலோர்க்கு அவ்வளவே. கடும் ஒவ்வாமை மிக அரிது. ஆனால் புதிய மருந்தின் விலை பழையதைவிடப் பன்மடங்காக இருந்தமையால், பல ஆண்டுகள் பணமுள்ளவர்க்கு மென்மையான மருந்தும் இல்லாதவர்க்கு எரிச்சலூட்டும் மருந்தும் ஆயிற்று. கருணையிலிருந்து பிறந்த பொருளும் கடைக்கு வந்தபின் காசு பார்க்கத் தொடங்கிவிடுகிறது.

சம்மதப் படிவத்தைப் பற்றி ஒரு சொல். அது ஆங்கிலத்தில் இருந்தது. அண்ணியாருக்குத் தமிழ் நன்கு படிக்கத் தெரியும். இருந்தும் கையெழுத்திட்டவன் மகன்தான். மீன், இறால் ஒவ்வாமை உண்டா என்று வாய்மொழியாகக் கேட்டார்கள். “எங்க பரம்பரையிலேயே தொட்டதில்லையேம்மா, எப்படித் தெரியும்?” என்றார் அண்ணியார். அப்பெண் சிரித்துவிட்டாள். இறாலுக்கும் இம்மருந்துக்கும் தனித் தொடர்பு ஏதுமில்லை என்று இப்போது தெளிந்துள்ளனர். கேள்வி மட்டும் பழக்கத்தால் நீடிக்கிறது. கேட்கவேண்டிய கேள்வி, பொழுது சாய்ந்தபின் நீர் அருந்துவீர்களா என்பது. அதை அவர்கள் அறிய வழியில்லை. நாம் முன்னரே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

வெளியேறும் மருந்து எங்கே செல்கிறது? எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு காடோலினியம் என்னும் உலோகத்தை ஏற்றுகிறார்கள். தனித்து நின்றால் நஞ்சு. வேறொரு மூலக்கூறு அதை இறுகப் பற்றியிருப்பதால் தீங்கின்றிச் சிறுநீரில் வெளியேறுகிறது. சிறுநீரகம் செயலிழந்தோர்க்கு அதனால் தோல் இறுகும் கொடுநோய் வருவதை 2006-ல் கண்டு, பின் கட்டுப்பாடுகள் விதித்தனர். 1996-ல் பெர்லின் நகரைச் சார்ந்த ஆறுகளில் இவ்வுலோகம் இயற்கைக்கு மிஞ்சி இருப்பதை இரு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். மருத்துவமனைகளிலிருந்து வந்தது அது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அதைத் தடுக்கவில்லை. அதே 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள்தான், வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், பாலாற்றைக் கெடுத்த தோல் ஆலைகள் குறித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீங்கு உறுதியாகும் வரை காத்திராமல் முன்னெச்சரிக்கை கொள்ளவேண்டும், கெடுத்தவரே ஈடு செய்யவேண்டும் என்ற இரு நெறிகள் நமது நாட்டுச் சட்டத்தில் நிலைபெற்றது நமது பாலாற்றின் பொருட்டு. குரோமியக் கழிவோடு ஒப்பிட ஸ்கேன் மருந்தின் அளவு மிக அற்பம். அதைப் பெரிதாக்கிப் பேசுவது முறையன்று. எனினும் நீரையே உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டு என்று நம்பி, நாள்தோறும் துணியில் வடிகட்டிப் பருகுகிறவர்கள் நாம். வடிகட்டியதைப் பருகி வடிகட்ட முடியாததை ஆற்றுக்கு விடுகிறோம். ஜெர்மனியில் ரூர் ஆற்றங்கரையில் ஸ்கேன் முடித்துச் செல்வோர்க்குச் சிறுநீர் சேகரிக்கும் பைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். இங்கும் செய்யத்தக்கதே என்று தோன்றுகிறது; செய்வார் யார் என்பது வேறு.

மறுநாள் விடிந்ததும் அண்ணியாரிடம் உண்மையைச் சொன்னோம். மகனைக் காட்டிக்கொடுக்கவில்லை, பொய் நமது நாவிலிருந்து வந்தது, ஆதலால் நம்முடையதே. அவர் நெடுநேரம் பேசவில்லை. முற்றத்தில் நீர் வடிகட்டிக்கொண்டிருந்த துணியைப் பிழியாமல், வழக்கம்போல் கிணற்று நீரிலேயே மெல்ல அலசி விட்டார். பிறகு திரும்பிக் கேட்டார்.

“நீ சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு நெனச்சே?”

“குடித்திருக்க மாட்டீர்கள் அண்ணி.”

“குடிச்சிருக்க மாட்டேன். ட்ரிப் போடச் சொல்லியிருப்பேன். உண்றது, தின்றது, நக்கறது, பருகறது, இந்த நாலுதானே நான் விட்டது? நரம்புல ஏத்தற தண்ணி நாலுல எது?”

நாம் விடையளிக்க இயலாது நின்றோம். சிறுநீரகம் தளர்ந்தோர்க்கு நரம்பு வழியே உப்புநீர் ஏற்றுவது மருத்துவர்கள் கையாளும் முறைதான். கேட்டிருந்தால் அன்றே செய்திருப்பார்கள். மகனும் நாமும் கூடி, அவருடைய உயிருக்கும் விரதத்துக்கும் இடையே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்று முடிவு கட்டிவிட்டோம். இரண்டையும் காக்கும் வழி விரதம் பூண்டவர்க்கே தெரிந்திருந்தது. அவரைத்தான் நாம் கேட்கவில்லை.

“எனக்காகத்தான் சொன்னே, தெரியும். ஆனா என்னைச் சின்னப் புள்ளையாக்கிட்டே” என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்து வந்த சதுர்த்தசியன்று அண்ணியார் உபவாசம் இருந்தார். நாமும் இருந்தோம். ஏன் என்று அவர் கேட்கவில்லை.